பிலோமினம்மாள்: கல்லறையில் கிடைத்ததும் கதையாக வளர்ந்ததும்

குறிஞ்சிமலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பிறந்திருக்கும் பெண் குழந்தைக்கு அவளுடைய கொள்ளுப்பாட்டியின் பெயரான பிலோமினா என்பதையே ஞானஸ்நானப் பெயராக வைக்க விரும்புகிறோம். உறவினர் ஒருவர், அந்தப் புனிதையை 1961-ஆம் ஆண்டிலேயே உரோமை நீக்கிவிட்டது என்றும் அப்படி ஒருவர் வாழவே இல்லை என்றும் உறுதியாகச் சொல்லி இந்தப் பெயர் வேண்டாம் என்கிறார். இன்னொருவரோ, அவர் கிரேக்க அரசனின் மகள், பேரரசன் தியோக்கிளேசியனை மணக்க மறுத்ததால் கழுத்தில் நங்கூரம் கட்டி ஆற்றில் எறியப்பட்டவர் என்று நவநாள் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். பெயர் வைப்பதற்கு முன், இவற்றில் எது வரலாறு, எது பிற்காலக் கதை, திருச்சபை உண்மையில் என்ன முடிவெடுத்தது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

கல்லெழுத்தர் எழுதியது:

கல்லறையிலிருந்து தொடங்குவதே முறை. பிலோமினாவைப் பற்றி நம் கையில் இருக்கும் நேரடிச் சான்று அது ஒன்றுதான். உரோமையின் சலாரியாச் சாலை ஓரத்தில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. அங்கே எரிமலைப் பாறையைக் குடைந்து நீண்ட நடைவழிகள் அமைத்து, அவற்றின் இரு பக்கச் சுவர்களிலும் அடுக்கடுக்காக மாடங்கள் வெட்டி, ஒவ்வொரு மாடத்திலும் உடலைக் கிடத்தி, வாயைச் சுடுமண் ஓடுகளாலோ பளிங்குப் பலகையாலோ மூடிச் சாந்து பூசிவிடுவது பழக்கம். 1802 மே 24 அன்று அங்கே தோண்டியவர்கள், மூன்று சுடுமண் ஓடுகளால் மூடப்பட்ட அத்தகைய மாடம் ஒன்றைக் கண்டார்கள். மறுநாள் அதைத் திறந்தபோது, 12 அல்லது 13 வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமியின் எலும்புகளும், உலர்ந்த படிவு ஒட்டியிருந்த ஒரு கண்ணாடிக் குப்பியின் துண்டுகளும் கிடைத்தன.

அந்த ஓடுகளின் மேல் சிவப்பு வண்ணத்தில் எழுதியிருந்தது. இடமிருந்து வலமாக, முதல் ஓட்டில் 'லுமேனா', இரண்டாவதில் 'பாக்ஸ்தே', மூன்றாவதில் 'கும்ஃபி' என்ற எழுத்துகள் இருந்தன. இந்த வரிசையில் படித்தால் பொருள் கிடைக்காது. முதல் ஓட்டை எடுத்துக் கடைசியில் வைத்தால், 'பாக்ஸ் தேகும், ஃபிலுமேனா', அதாவது 'பிலுமேனா, அமைதி உன்னோடு இருப்பதாக' என்ற இலத்தீன் வாசகம் அமைகிறது. எழுத்துகளுக்கு இடையிடையே நங்கூரம், அம்புகள், குருத்தோலை, பூ போன்ற ஓர் உருவம் ஆகியவை வரையப்பட்டிருந்தன.

கல்லறை சொல்வது இவ்வளவுதான். அவர் யாருடைய மகள், எந்த ஊர், எந்த ஆண்டு இறந்தார், எப்படி இறந்தார் என்பதற்கு அங்கே ஓர் எழுத்தும் இல்லை. 'மறைசாட்சி', அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் 1802-இல் அவரை மறைசாட்சி என்று கொண்டதற்கு அன்றைய நிலையில் தக்க காரணம் இருந்தது. குருத்தோலையும் இரத்தக் குப்பியும் இருந்தால் அது மறைசாட்சியின் கல்லறை என்று கொள்ளலாம் என 1668-ஆம் ஆண்டிலேயே உரோமையின் பேராயம் (திருத்தந்தையின் நிர்வாகத் துறை) ஒன்று வழிகாட்டியிருந்தது. கண்டெடுத்தவர்கள் அந்த விதியைப் பின்பற்றினார்கள். எனவே யாரோ கதை கட்டி ஏமாற்றினார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

நவநாள் அன்பன் எழுதியது:

சகோதரி கேட்டது வாழ்க்கைக் கதையையும் சேர்த்துத்தான் என்பதால், பக்தர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதை முழுமையாக எழுதுகிறேன். எலும்புகள் மூன்று ஆண்டுகள் உரோமையில் காக்கப்பட்டிருந்தன. 1805-இல், நேப்பிள்ஸ் அருகிலுள்ள முஞ்ஞானோ என்னும் சிற்றூரைச் சேர்ந்த பிரான்செஸ்கோ தெ லூச்சியா என்ற குரு, தம் ஊர் மக்களின் நம்பிக்கைக்கு உரமூட்ட ஒரு புனிதரின் திருப்பண்டம் (உடலின் எஞ்சிய பகுதி) வேண்டும் என்று கேட்டு அவற்றைப் பெற்றார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று அவை முஞ்ஞானோவின் அருள் அன்னை ஆலயத்தில் வைக்கப்பட்டன. காகிதக் கூழால் செய்த ஓர் இளம்பெண் சுரூபத்திற்குள் எலும்புகளை வைத்து, பட்டாடை உடுத்தி, கண்ணாடிப் பேழைக்குள் படுத்த கோலத்தில் வைத்தார்கள். அன்று முதல் அங்கே நோயாளிகள் குணமடைந்த செய்திகள் ஊர் ஊராகப் பரவின.

அவருடைய வாழ்க்கை வரலாறாக நாம் படிப்பது 1833-இல் நேப்பிள்ஸைச் சேர்ந்த மரிய லுயிசா என்ற கன்னியருக்குச் செபத்தில் கிடைத்த செய்தியாகும். கிரேக்கத்தில் ஒரு சிற்றரசனுக்கும் அவன் அரசிக்கும் நெடுங்காலம் பிள்ளை இல்லை. புபிளியுஸ் என்ற கிறிஸ்தவ மருத்துவரின் சொல்லைக் கேட்டு இருவரும் மனம் மாறித் திருமுழுக்குப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே பெண் குழந்தை பிறந்தது. 11 வயதில் அந்தச் சிறுமி தன்னைக் கிறிஸ்துவுக்கே ஒப்புக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்தாள். 13 வயதில், தியோக்கிளேசியன் தங்கள் நாட்டின் மீது படையெடுக்கப்போவதாக அறிந்த தந்தை, சமாதானம் பேச மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு உரோமைக்குப் போனார். பேரரசன் சிறுமியின் அழகில் மயங்கி, அவளை எனக்குக் கொடு, உன் நாட்டைக் காக்கிறேன் என்றான். பெற்றோர் காலில் விழுந்து கெஞ்சியும், என் நாடு விண்ணுலகம் என்று அவள் மறுத்துவிட்டாள்.

அதன்பின் 37 நாள் விலங்கிட்டுச் சிறையில் அடைத்தான். தேவமாதா காட்சி கொடுத்து, இன்னும் மூன்று நாளில் பெரும் போராட்டம் வரும், அஞ்சாதே என்றார். கசையால் அடித்தார்கள், இரவில் வானதூதர்கள் காயங்களை ஆற்றினார்கள். கழுத்தில் நங்கூரம் கட்டித் தைபர் ஆற்றில் எறிந்தார்கள். தூதர்கள் கயிற்றை அறுத்துக் கரை சேர்த்தார்கள். அம்பு எய்தார்கள், பிறகு காய்ச்சிய அம்பு எய்தார்கள். அவை திரும்பி எய்தவர்களையே கொன்றன. இறுதியில் ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தலையை வெட்டினார்கள்.

இந்தச் செய்தி நூலாக வெளிவர அந்த ஆண்டு டிசம்பரிலேயே திருச்சபை அதிகாரிகள் அனுமதி அளித்தார்கள். 13 வயதுப் பிள்ளை ஒரு பேரரசனுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நின்றாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது. இன்றும் பிலோமினா செபமாலையில் தமத்திரித்துவத்துக்கு (மூவொரு கடவுளுக்கு) மூன்று வெள்ளை மணிகளும், அவர் வாழ்ந்த ஆண்டுகளுக்காக 13 சிவப்பு மணிகளும் கோக்கிறோம்.

தேடல் எழுதியது:

நவநாள் அன்பன் அவர்களின் பக்தியை மதிக்கிறேன். ஆயினும் குறிஞ்சிமலர் அவர்கள் எது வரலாறு என்று கேட்டிருப்பதால், இந்தக் கதை வரலாறாக நிற்காது என்பதைத் தெளிவாகச் சொல்லியே ஆகவேண்டும். தியோக்கிளேசியன் 284 முதல் 305 வரை ஆண்டவன். அந்தக் காலத்தில் கிரேக்க நாடு உரோமைப் பேரரசின் மாகாணமாகி நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பேரரசன் படையெடுத்து அச்சுறுத்த வேண்டிய கிரேக்க அரசன் எவனும் அங்கே இல்லை. தியோக்கிளேசியன் பெரும்பாலும் கிழக்கே நிக்கோமேதியா நகரில் வாழ்ந்தான். 303-ஆம் ஆண்டின் இறுதியில், தன் ஆட்சியின் இருபதாம் ஆண்டு விழாவுக்காக உரோமைக்கு வந்து விரைவிலேயே திரும்பிப் போனான். ஆகஸ்ட் மாதம் ஒன்றில் அவன் உரோமை அரண்மனையில் அமர்ந்து இத்தனை நாள் ஒரு சிறுமியை விசாரித்தான் என்பதை அந்தக் காலவரிசைக்குள் பொருத்துவது மிகக் கடினம். அவனுக்குப் பிரிஸ்கா என்ற மனைவியும் இருந்தாள்.

கதையின் அமைப்பையும் கவனியுங்கள். ஓட்டில் நங்கூரம் இருக்கிறது, கதையில் நங்கூரம் கட்டி எறிகிறார்கள். ஓட்டில் அம்புகள் இருக்கின்றன, கதையில் அம்பு எய்கிறார்கள். ஒவ்வொரு வேதனையும் ஓட்டில் உள்ள ஓர் உருவத்திற்குச் சொல்லப்பட்ட விளக்கமாகவே இருக்கிறது. ஆனால் தொடக்ககாலக் கிறிஸ்தவக் கல்லறைகளில் நங்கூரம் என்பது நம்பிக்கையின் அடையாளம். அந்தப் பிரிசில்லாக் கல்லறையிலேயே எத்தனையோ மாடங்களில் அது வரையப்பட்டிருக்கிறது. அவர்கள் எல்லாரும் நங்கூரம் கட்டி மூழ்கடிக்கப்பட்டவர்கள் அல்லர். நங்கூரத்தோடு கடலில் எறியப்பட்டவராகத் திருத்தந்தை கிளமெந்து பற்றியும், அம்பு எய்யப்பட்டும் சாகாதவராகச் செபஸ்தியார் பற்றியும், சிறுவயதில் திருமணத்தை மறுத்து உயிர்விட்டவராக ஆக்னேஸ் பற்றியும் பழைய கதைகள் முன்பே இருந்தன. அவற்றில் ஊறி வளர்ந்த ஒரு பக்தியுள்ள உள்ளத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து எழுந்திருக்கின்றன என்பதே என் கருத்து. மரிய லுயிசா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை.

நவநாள் அன்பன் எழுதியது:

தேடல் அவர்களே, தனி வெளிப்பாடுகளை விசுவாசக் கோட்பாடாக நம்பவேண்டும் என்று திருச்சபை எந்தக் காலத்திலும் கட்டளையிட்டதில்லை என்பது எனக்கும் தெரியும். வெளியிட அனுமதி கொடுத்தது, அதில் விசுவாசத்துக்கு எதிரானது எதுவும் இல்லை என்பதற்காக மட்டுமே. ஆனால் அரசன் கதையைத் தள்ளிவிடுவதோடு நின்றுவிடாமல், அந்தக் கல்லறையில் இருந்த பிள்ளையையே இல்லை என்று ஆக்கிவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எலும்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது, அமைதி உன்னோடு இருப்பதாக என்று அவளை நேசித்தவர்கள் எழுதிய எழுத்து இருக்கிறது. வாழவே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

கல்லெழுத்தர் எழுதியது:

அந்தக் கேள்விக்குள்தான் கல்வெட்டாய்வின் நெடுநாள் வழக்கு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோசி நிலத்தடிக் கல்லறை ஆய்வை முறையான அறிவியலாக வளர்த்தெடுத்தார். அவருடைய மாணவர் ஒராசியோ மருக்கி, 1904-இல் இந்த ஓடுகளைப் பற்றித் தனி ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அவருடைய வாதம் இது: எழுத்தின் வடிவமும், 'அமைதி உன்னோடு' என்ற வாழ்த்தும், நங்கூரச் சின்னமும் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, ஆனால் மாடத்தில் கிடந்த உடல் நான்காம் நூற்றாண்டில் புதைக்கப்பட்டது. அந்தப் பிற்காலத்தில், பழைய கல்லறைகளின் ஓடுகளைக் கழற்றிப் புதிய அடக்கங்களுக்குப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. அப்படிப் பயன்படுத்தும்போது, பழைய பெயர் உள்ளே இருப்பவருக்கு உரியதல்ல என்று காட்டுவதற்காகவே ஓடுகளை வரிசை மாற்றி வைத்தார்கள். ஆகவே பிலுமேனா என்ற பெண் ஒருத்தி இருந்தாள், ஆனால் முஞ்ஞானோவில் இருக்கும் எலும்புகள் அவளுடையவை அல்ல, பெயர் தெரியாத வேறொரு சிறுமியுடையவை என்பது மருக்கியின் முடிவு. அந்தக் குப்பியில் இருந்தது இரத்தமல்ல, அடக்கத்தின்போது வைக்கும் நறுமணத் தைலம் என்பதையும் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

மருக்கியின் விளக்கம் அறிவுக்கு இசைந்தது. ஆனாலும் அது முடிந்த முடிவு என்று கொள்ள வேண்டியதில்லை. வரிசை மாறியதற்கு எளிய காரணம் ஒன்றும் சொல்ல முடியும். ஓடுகளை வெளியில் வைத்து எழுதி எடுத்து வந்து, இருண்ட குறுகிய நடைவழியில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பொருத்துகிற கூலியாள் அவசரத்திலோ எழுத்தறியாமையாலோ இடம் மாற்றி வைத்திருக்கலாம். இதில் முதல் ஓடு ஒன்றுதான் கடைசியிலிருந்து முன்னுக்கு வந்திருக்கிறது. மற்ற இரண்டும் தங்களுக்குள் வரிசையில்தான் இருக்கின்றன. வேண்டுமென்றே பொருளைக் குலைக்க நினைத்தவர் ஓர் ஓட்டைத் தலைகீழாகவோ எழுத்து உள்பக்கம் போகும்படியோ வைத்திருக்க முடியும்.

முஞ்ஞானோவுக்குத் திருப்பண்டங்கள் வந்த 200-ஆம் ஆண்டையொட்டி, 2005-இல், புளோரன்சு நகரின் புகழ்பெற்ற அரசுப் பாதுகாப்பு ஆய்வகம் இந்த ஓடுகளில் ஒட்டியிருந்த சாந்தைச் சோதித்த முடிவு வெளியிடப்பட்டது. ஒரே வகைச் சுண்ணச் சாந்தின் தடயம் மட்டுமே அவற்றில் இருந்தது. ஓர் இடத்தில் பூசிக் கழற்றி, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வேறிடத்தில் பூசியிருந்தால் இரண்டு வகைச் சாந்து ஒட்டியிருக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் அடிப்படை. பழைய சாந்தை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசியிருக்கலாம் என்ற மறுப்புக்கு அதில் இடம் இருக்கிறது. ஆயினும், அந்த எலும்புகளும் அந்தப் பெயரும் ஒருவருக்கே உரியவையாக இருக்கக்கூடும் என்ற பக்கம் இன்று 1904-இல் இருந்ததைவிட வலுவாக இருக்கிறது என்பதே என் மதிப்பீடு. மறைசாட்சி என்பதற்கு மட்டும் தொல்லியல் சான்று இன்னும் இல்லை.

திருவழிபாட்டு மாணவன் எழுதியது:

1961 பற்றிய பகுதியை நான் எழுதுகிறேன், ஏனெனில் அதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பிலோமினாவுக்கு இன்று நடப்பது போன்ற புனிதர் பட்ட விசாரணையோ அறிவிப்போ நடந்ததில்லை. நடந்தது திருவழிபாட்டு அனுமதி. 1837 ஜனவரியில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அவருக்குத் திருநாள் கொண்டாட அனுமதித்தார். அது முதலில் முஞ்ஞானோ அடங்கிய நோலா மறைமாவட்டத்துக்கு உரியது. ஒன்பதாம் பயஸ் 1849 நவம்பரில் நேரில் முஞ்ஞானோ சென்று செபித்தார். 1855-இல் தனித் திருப்பலிச் செபங்களுக்கும் ஒப்புதல் தந்தார். ஆகஸ்ட் 11 என்ற திருநாள் பல நாடுகளில் கொண்டாடப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகும் உலகம் முழுமைக்குமான பொது நாள்காட்டியில் அவர் பெயர் இடம்பெறவில்லை. மறைசாட்சிகளையும் புனிதர்களையும் நாள்வாரியாகப் பட்டியலிடும் உரோமைத் திருச்சபையின் அதிகாரப்பூர்வ நூலிலும் சேர்க்கப்படவில்லை. உரோமை அந்த ஒரு படியைத் தாண்டவே இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

1961 பிப்ரவரி 14 அன்று, இருபத்து மூன்றாம் யோவான் திருத்தந்தையாக இருந்தபோது, திருவழிபாட்டுச் சடங்குகளுக்கான பேராயம், மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் வைத்திருந்த தனி நாள்காட்டிகளைத் திருத்துவதற்கு ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. அதில், ஆகஸ்ட் 11-க்குரிய பிலோமினா திருநாளை எல்லா நாள்காட்டிகளிலிருந்தும் எடுத்துவிடவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி சொல்வது பொதுவழிபாட்டில் அவர் பெயரால் திருநாள் வைக்கக்கூடாது என்பதை மட்டுமே. அவர் வாழவில்லை என்றோ, விண்ணகத்தில் இல்லை என்றோ, அவரிடம் தனிப்பட்ட முறையில் மன்றாடக் கூடாது என்றோ அது சொல்லவில்லை. சுரூபங்களை அகற்றச் சொல்லியும் உரோமை ஆணையிடவில்லை. எங்கெங்கோ அகற்றினார்கள் என்றால் அது அந்தந்த இடத்துக் குருக்களின் முடிவு. முஞ்ஞானோ திருத்தலம் அந்த ஆண்டுக்குப் பின்னும் ஒருநாளும் மூடப்படவில்லை.

'நீக்கிவிட்டார்கள்' என்ற சொல்லை எடை பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அலெக்சாந்திரியா கத்தரீனாள் நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய கதைக்கும் சமகாலச் சான்று இல்லை என்று 1969-இல் பொது நாள்காட்டியிலிருந்து எடுத்தார்கள். 2002-இல் விருப்ப நினைவாக நவம்பர் 25-இல் மீண்டும் சேர்த்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் புனிதை அல்லாமல் போய்விடவில்லை. பிலோமினாவின் நிலை கத்தரீனாளின் நிலையைவிடச் சற்றுக் கீழே இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் கத்தரீனாள் பெயர் மேலே சொன்ன அதிகாரப்பூர்வப் பட்டியலில் முன்பே இருந்தது.

பெயரைப் பற்றிய கேள்விக்கு நேரடியான பதில்: கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 855-ஆம் எண்ணில், பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் பங்குத்தந்தைக்கும் சொல்கிறது. புனிதர் பட்டியலில் உள்ள பெயராகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பிலோமினா என்ற பெயரை எந்தப் பங்கிலும் மறுக்க முடியாது.

குறிஞ்சிமலர் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பெயர் பற்றிய கவலை தீர்ந்தது. ஆனால் இதைப் படிக்கப் படிக்க வேறொரு கேள்வி எழுகிறது. ஓர் ஓட்டில் இருந்த பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு சிறுமியின் மீது, இத்தாலியின் ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் கொள்ளுப்பாட்டியின் ஊர்வரை பக்தி எப்படி வந்து சேர்ந்தது?

பொன்னிக்கரை எழுதியது:

அம்மா, அதற்கு விடை பிரான்சில் இருக்கிறது. இத்தாலியக் கனவுக் கதையைவிட இந்தப் பகுதிதான் எனக்கு எப்போதும் பெரிதாகப் படுகிறது. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் வரலாற்றில் காலூன்றி நிற்கும் மனிதர்கள்.

லியோன் நகரில் பொலின் ஜரிக்கோ என்ற பெண் வாழ்ந்தார். பட்டு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். துறவற சபை எதிலும் சேராத பொதுநிலையினர். மறைபரப்புப் பணிக்காக ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு சிறு காசு கொடுக்கவேண்டும், பத்துப் பேரிடம் ஒருவர் வாங்கவேண்டும், அத்தகைய பத்துப் பேரின் தொகையை இன்னொருவர் சேர்க்கவேண்டும் என்று அவர் வகுத்த எளிய முறையிலிருந்து, 1822-இல் மறைபரப்புக் கழகம் பிறந்தது. 1826-இல் வாழும் செபமாலை என்ற இயக்கத்தையும் தொடங்கினார். கடுமையான இதய நோயால் படுத்த படுக்கையாகிவிட்ட நிலையில், 1835-இல், வழியிலேயே இறந்துபோவார் என்று எல்லாரும் அஞ்சியும் கேளாமல் இத்தாலிக்குப் புறப்பட்டார். உரோமையில் ஒரு கன்னியர் மடத்தில் அவர் எழ முடியாமல் கிடந்தபோது, திருத்தந்தை பதினாறாம் கிரகோரியே அங்கே வந்து அவரைப் பார்த்தார். நான் முஞ்ஞானோ போய் நடந்து திரும்பி வந்தால் பிலோமினாவின் வழக்கை எடுத்துக்கொள்வீர்களா என்று ஜரிக்கோ கேட்டதாகவும், அது முதல்தரப் புதுமையாக இருக்கும் என்று திருத்தந்தை ஒப்புக்கொண்டதாகவும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

ஆகஸ்ட் மாதக் கொடும் வெயிலில் முஞ்ஞானோவுக்கு அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். ஆகஸ்ட் 10 அன்று திருப்பண்டப் பேழைக்கு முன்னால் அவர் எழுந்து நின்றார், நடந்தார். திரும்பி உரோமைக்கு வந்தபோது திருத்தந்தை அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார் என்றும், குணம் நிலையானதுதானா என்று ஆராய்வதற்காக ஓராண்டு உரோமையிலேயே தங்கச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்கள். 1837-இல் திருநாள் அனுமதி வந்ததற்கு இந்த நிகழ்வே உடனடித் தூண்டுதல். இது மருத்துவத்தால் விளக்கக்கூடியதா என்று தேடல் அவர்கள் கேட்கக்கூடும்; 1835-இன் நோயறிக்கைகளை வைத்துக்கொண்டு அதை இன்று யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சாகக் கிடந்தவர் அதன்பின் 1862 வரை வாழ்ந்தார் என்பது உறுதி. 2022 மே 22 அன்று லியோனில் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) வழங்கப்பட்டது.

ஜரிக்கோ கொண்டுவந்த திருப்பண்டத்தில் ஒரு பகுதி, ஆர்ஸ் என்ற சிற்றூரின் பங்குத்தந்தையிடம் போய்ச் சேர்ந்தது. அவர்தாம் இன்று பங்குக் குருக்களின் பாதுகாவலராக நாம் போற்றும் ஜான் மரிய வியான்னி. ஆர்ஸில் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த மக்கள், இவராலேயே தங்களுக்குக் குணம் கிடைத்ததாக நம்பினார்கள். அவர் அதை ஏற்காமல், எல்லாம் பிலோமினா செய்தது என்று அந்தப் புனிதையின் பீடத்தைக் காட்டி அனுப்பினார். 1843-இல் நுரையீரல் நோயால் அவரே இறக்கும் நிலைக்கு வந்து பிழைத்தபோதும் அதையே சொன்னார். வாழ்க்கைச் செய்தி ஒன்றும் தெரியாத ஒரு சிறுமியின் பின்னால் தம் புகழை மறைத்துக்கொள்ள ஓர் உண்மையான புனிதர் விரும்பினார் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுடைய காலத்தில்தான் பாரிசு வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள் புதுச்சேரி, மைசூர், கோவைப் பகுதிகளில் பணியாற்றினார்கள். தங்கள் நாட்டில் அப்போது உச்சத்தில் இருந்த பக்தியை அவர்கள் இங்கே கொண்டுவந்தது இயல்பு. நம்முடைய பழைய செபப் புத்தகங்களில் 'அர்ச்.' (புனித) பிலோமினம்மாள் என்று காண்பதற்கும், நம் பாட்டிமார் தலைமுறையில் வீட்டுக்கு ஒரு பிலோமினா இருந்ததற்கும் அந்த வழியே காரணம் என்று நான் கருதுகிறேன். அவ்வாறே பசிபிக் தீவான மொலக்காயில், 1873-இல் தொழுநோயாளரிடம் பணிக்குப் போன தமியான் அடிகள் நற்செய்தி சொன்ன காலவாவோ ஆலயமும் பிலோமினா பெயரால் அமைந்ததுதான். அவர் போவதற்கு முந்தைய ஆண்டே அது கட்டப்பட்டிருந்தது; அவர் அதைப் பெரிதாக்கினார்.

மைசூர்வாசி எழுதியது:

பொன்னிக்கரை அவர்கள் மைசூரைக் குறிப்பிட்டதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன். இங்குள்ள பிலோமினா பேராலயம் இருக்கும் இடத்தில் 1843-இலேயே, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், ஒரு சிறிய ஆலயம் கட்டப்பட்டது. அரசுப் பணியில் உயர்ந்த பொறுப்பிலிருந்த தம்பு செட்டி என்பவர், 1926-இல் திருத்தந்தையின் தூதராக இந்தியாவில் இருந்த பேராயர் பீட்டர் பிசானியிடமிருந்து பிலோமினாவின் திருப்பண்டத்தைப் பெற்று வந்தார். அதை வைக்கத் தகுந்த ஆலயம் வேண்டும் என்ற வேண்டுகோளை நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஏற்று, 1933 அக்டோபர் 28 அன்று தாமே அடிக்கல் நாட்டினார். கொலோன் பேராலயத்தை நினைவூட்டும் அதன் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம். பீடத்துக்குக் கீழே நிலவறைக்குள் படியிறங்கிப் போனால், அம்புகளும் நங்கூரமும் நினைவுக்கு வரும்படி, படுத்த கோலத்தில் பிலோமினாவின் சுரூபம் இருக்கிறது. 1961-க்குப் பின்னும் மக்கள் இந்த ஆலயத்தைப் பிலோமினா பெயராலேயே அழைக்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நாள்தோறும் அந்தப் படிகளில் இறங்கி மெழுகுத்திரி ஏற்றுவதைக் காணலாம்.

தேடல் எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் புதியவர்களுக்காக என் நிலையைச் சுருக்காமல் பதிவு செய்கிறேன். அரசகுமாரி கதையை நான் ஏற்கவில்லை. 2005-ஆம் ஆண்டுச் சாந்துச் சோதனைக்குப் பிறகு, அந்த எலும்புகள் பிலுமேனாவுடையவை அல்ல என்று அறுதியிட்டும் நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் பங்குகளில் அச்சாகும் நவநாள் புத்தகங்கள், 1833-இல் ஒருவர் செபத்தில் கண்டதை '304-ஆம் ஆண்டில் நடந்தது' என்பது போல முதல் பக்கத்திலேயே அச்சிடுவது சரியல்ல. கல்லறையில் கிடைத்ததை ஒரு பகுதியாகவும், மரிய லுயிசாவின் செய்தி என்று பெயரிட்டு அதை வேறு பகுதியாகவும் அச்சிட்டால், படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டும் இரண்டாகவே தெரியும். 1961 பற்றி யாராவது பின்னாளில் சொல்லும்போது அவர்களுடைய விசுவாசம் ஆட்டம் காணாது.

நவநாள் அன்பன் எழுதியது:

அந்த யோசனையை மனமார வரவேற்கிறேன், தேடல் அவர்களே. கதையை எடுத்துவிடாமல், கதை என்று சொல்லியே அச்சிடுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். எங்கள் பங்கில் ஆகஸ்டு நவநாளுக்குப் புத்தகத்தை மறுபதிப்புச் செய்யும் வேலை நடக்கிறது. கல்லெழுத்தர் அவர்கள் ஓடுகளைப் பற்றி எழுதிய பகுதியை முன்னுரையாகச் சேர்க்க ஒப்புதல் தருவார் என்றால், பங்குத்தந்தையிடம் காட்டுகிறேன்.

கல்லெழுத்தர் எழுதியது:

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுகளின் படத்தையும் போடுவதாக இருந்தால், அவற்றை மாடத்தில் இருந்த வரிசையில் ஒருமுறையும், திருத்திய வரிசையில் ஒருமுறையும் போடுங்கள். திருத்திய வரிசையை மட்டும் அச்சிடுவதுதான் பெரும்பாலான பக்தி நூல்களில் வழக்கம். அதனால் மருக்கி என்ன கேட்டார் என்பதே படிப்பவர்களுக்குப் புரியாமல் போய்விடுகிறது. ஓடுகள் 1827 முதல் முஞ்ஞானோவில்தான் இருக்கின்றன. திருத்தந்தை பன்னிரண்டாம் லியோ அவற்றை அந்த ஊருக்கு அளித்தார் என்பதையும் படத்தின் கீழே குறிப்பிடுங்கள்.